வெனிஸ் போகும் வழியில் வீரமாமுனிவர் ஊர்

இத்தாலிக்குப் போய் வந்தவர் யாராவது பக்கத்து வீட்டில் இருந்தால், அவர் பார்த்த ஊர்களின் பட்டியலை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நாம் ஒப்பித்துவிடலாம். ரோமாபுரி, பிளாரன்ஸ், பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம், வெனிஸ், நேரம் மிஞ்சினால் மிலான். மும்பையிலிருந்தும் டில்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளம்புகிற சுற்றுலாக் கோஷ்டிகளை ஏற்றிக்கொண்டு பஸ்கள் இந்த ஐந்து ஊர்களுக்கு நடுவேதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இடையிடையே ஜன்னலுக்கு வெளியே, குன்றின் மேல் மணிக்கூண்டும் ஓட்டுக் கூரைகளுமாக ஏதோ ஓர் ஊர் தெரியும். பெயர் கேட்பதற்குள் அது போய்விடும்.

அப்படிப் போய்விடுகிற ஊர்களில்தான் இத்தாலியின் பெரும் பகுதி இருக்கிறது. பெரிதும் சிறிதுமாக அந்த நாட்டில் ஏறத்தாழ 7,900 ஊராட்சிகள். அவற்றில் பத்துக்கு ஏழு, ஐயாயிரம் பேருக்கும் குறைவான ஜனத்தொகை கொண்டவை. நம்மூர்க் கணக்கில் இவை சாதாரணக் கிராமங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுக்கம், ஒரு மாதா கோயில், ஒரு நகர மண்டபம், தனக்கென்று ஒரு பலகாரம், பக்கத்து ஊரோடு தீராத ஒரு பழைய சண்டை எல்லாம் உண்டு. இவற்றில் பாதிக்கு மேல் இன்று ஆள் குறைந்துகொண்டே வருகின்றன. வெனிஸிலோ கூட்டம் தாங்க முடியாமல், 2024 ஏப்ரலில் தொடங்கி, குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் ஐந்து யூரோ வசூலிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் நிற்க இடமில்லை. இன்னொரு பக்கம் வீட்டுக்கு வீடு பூட்டு. இரண்டுக்கும் நடுவில் பிரயாணி எங்கே இறங்குவது என்பதுதான் கேள்வி.

தமிழர்கள் இறங்க வேண்டிய முதல் ஸ்டேஷனைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழுக்கு ஒரு முனிவர்

மிலானிலிருந்து வெனிஸ் போகும் ரயில் பாதையில், கார்தா என்ற பெரிய ஏரியின் தென்கரையில் தெசென்சானோ என்று ஒரு ஸ்டேஷன் வருகிறது. ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே இறங்கி வடக்கே கரையை நோக்கிப் போவார்கள். நாம் தெற்கே திரும்பி பஸ் பிடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. நீளமான பெயர்தான். நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் காஸ்திக்ளியோன் என்றும் இன்னும் பல விதமாகவும் அச்சாகி வருவது இந்த ஊர்தான். 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ம் தேதி இங்கே பிறந்த கான்ஸ்டான்டைன் ஜோசப் பெஸ்கி, முப்பது வயதில் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, தமிழ் கற்று, வீரமாமுனிவர் ஆனார்.

அவர் செய்ததை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி, 1732-ல் முடித்த சதுரகராதி, குழந்தைகள் இன்றும் சிரித்துப் படிக்கும் பரமார்த்த குரு கதை ஆகியவற்றை எல்லோரும் அறிவோம். ஓலைச் சுவடியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஜனங்கள் தட்டுத்தடுமாறிய காலத்தில், நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்த பெருமையும் அவருடையது. இந்த வரியை நீங்கள் தடங்கலில்லாமல் படிப்பதில் காஸ்தில்யோனே ஊர்க்காரர் ஒருவருக்குச் சிறு பங்கு இருக்கிறது என்று அர்த்தம். 1747-ல் இந்தியாவிலேயே காலமானார். பிறந்த ஊருக்கு அவர் திரும்பவே இல்லை. சென்னைக் கடற்கரையில் 1968-ல் எழுப்பிய அவருடைய சிலையைக் கடந்து எத்தனையோ தடவை போயிருப்போம். அவர் விட்டு வந்த ஊர் எப்படியிருக்கும் என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்?

இருபதாயிரத்துக்குச் சற்றே அதிகமான ஜனங்கள் வசிக்கும் நடுத்தரமான ஊர் அது. ஓரங்களில் தொழிற்சாலைகள்; நடுவில் பழைய தெருக்கள். தபால் அட்டையில் போடுகிற அழகு என்று சொல்ல முடியாது. அதிலும் ஒரு சௌகரியம் உண்டு. உங்களை எதிர்பார்த்து யாரும் பொம்மைக் கடை விரித்து வைத்திருக்க மாட்டார்கள். காலையில் காப்பிக் கடையில் உள்ளூர்க்காரர்கள் நின்றபடியே ஒரே மடக்கில் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும்.

வீரமாமுனிவருக்கு நூறு வருஷங்களுக்கு முன்பே இந்த ஊர் இன்னொருவரால் பெயர் பெற்றுவிட்டது. ஊரை ஆண்ட கொன்சாகா பிரபுக் குடும்பத்தின் மூத்த மகன் அலோசியஸ் 1568-ல் இங்கே பிறந்தார். பட்டம் வேண்டாம் என்று தம்பிக்கு விட்டுக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்தார். ரோமாபுரியில் கொள்ளை நோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்து, தாமும் நோய்வாய்ப்பட்டு 1591-ல், இருபத்து மூன்று வயதில் மாண்டார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று வணங்குவது இவரைத்தான். மங்களூரில் 1880-ல் தொடங்கிய பிரபலமான கல்லூரி இவர் பெயரைத் தாங்கியது. கர்நாடகத்து வாசகர்களுக்கு அது தெரிந்திருக்கும். அவருடைய மண்டையோடு காஸ்தில்யோனே கோயிலில் பூஜ்யமாகப் பாதுகாக்கப்படுகிறது.

எல்லாரும் சகோதரர்களே

ஒரு சிற்றூருக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தால், இனிமேல்தான் பெரிய விஷயம் இருக்கிறது. காஸ்தில்யோனேயிலிருந்து சில மைல் தூரத்தில் சொல்பெரீனோ என்றொரு குன்றுக் கிராமம். 1859 ஜூன் 24-ம் தேதி அந்தக் குன்றைச் சுற்றி ஒரு பக்கம் பிரெஞ்சு, சார்டீனியப் படைகளும் மறு பக்கம் ஆஸ்திரியப் படையும் மோதின. இரு தரப்பிலுமாக ஏறத்தாழ மூன்று லட்சம் சிப்பாய்கள். ஒரே நாளில் முடிந்துவிட்ட அந்தச் சண்டையில் மாண்டவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாமாக நாற்பதாயிரம் பேர் என்பது கணக்கு. பட்டாளத்திலோ வைத்தியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

காயம்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் வண்டி வண்டியாகக் காஸ்தில்யோனேக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கோயில்கள் நிரம்பின, வீடுகள் நிரம்பின, தெருவில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள். ஊர்ப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடும் கிழிந்த துணியோடும் ஓடி வந்தார்கள். இவன் நம்மவன், இவன் எதிரி என்று அவர்கள் பார்க்கவில்லை. எல்லாரும் சகோதரர்களே என்று பொருள்படும் ‘தூத்தி பிராதெல்லி’ என்பதே அவர்கள் வாயில் வந்த வார்த்தை. வேறு ஏதோ வியாபாரக் காரியமாக அந்தப் பக்கம் வந்திருந்த ஸ்விட்சர்லாந்துக்காரர் ஹென்றி துனான் இதைப் பார்த்து, ஊர்ப் பெரிய கோயிலில் தாமும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். 1862-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அடுத்த ஆண்டே செஞ்சிலுவைச் சங்கம் உருவானது. 1901-ல் முதல் நோபல் சமாதானப் பரிசு இன்னொருவரோடு சேர்த்து அவருக்குத் தரப்பட்டது.

ஆக, உலகத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் செஞ்சிலுவையைப் பார்த்தாலும் அதன் வேர் இந்த ஊர்ப் பெண்களிடம் இருக்கிறது. 1959-ல் ஏற்படுத்திய செஞ்சிலுவைக் காட்சிசாலை ஊர் நடுவிலேயே உள்ளது. அந்தக் காலத்து ரண சிகிச்சைக் கருவிகளையும், காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டிகளையும் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. சொல்பெரீனோவில் எலும்பு மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. சண்டை நிலத்தில் தோண்டி எடுத்த மண்டையோடுகளை ஆயிரத்துக்கு மேல் சுவரோடு சுவராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுச் சிப்பாயுடையது எது என்று பிரித்து வைக்கவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொண்டு உள்ளே போகலாம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பல நாடுகளிலிருந்தும் செஞ்சிலுவைத் தொண்டர்கள் வந்து கூடி, சொல்பெரீனோவிலிருந்து காஸ்தில்யோனே வரை ராத்திரியில் தீவட்டி ஏந்தி நடக்கிறார்கள். அந்தச் சமயத்தில் அங்கே தங்க இடம் கிடைப்பது சிரமம்.

இந்தப் பிரதேசம் மாந்துவா நகரத்தைச் சேர்ந்தது. இங்கே நம்மவர்கள் பயமில்லாமல் சாப்பிடக்கூடிய பதார்த்தம் ஒன்று உண்டு. மஞ்சள் பூசணியை, நாம் பரங்கிக்காய் என்கிறோமே அதை, வேகவைத்து மசித்து, இனிப்பும் காரமுமாகச் சில சேர்த்து, மெல்லிய மாவுத் தகட்டுக்குள் பொதிந்து, வெண்ணெய் உருக்கி ஊற்றித் தருகிறார்கள். கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம்.

போ நதிச் சமவெளியில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் நொவெல்லாரா. அங்கே 2000-ம் ஆண்டிலிருந்து ஒரு பெரிய குருத்வாரா இருக்கிறது! மாட்டுத் தொழுவ வேலைக்கு இத்தாலிய இளைஞர்கள் வராமற் போன இடத்தில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் பால் கறக்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற பார்மா பாலாடைக் கட்டிக்குப் பால் கொடுக்கும் பசுக்களில் பலவற்றைப் பராமரிப்பது சீக்கியர்களின் கைகள்.

போகிறவர்கள் கவனத்துக்கு

சின்ன ஊர்களுக்குப் போவதில் சில சங்கடங்கள் உண்டு. பெரிய நகரங்களுக்கு இடையே ரயில் பறக்கிறது. ஆனால் ரயில் நிற்குமிடத்திலிருந்து ஊருக்குள் கொண்டு விடும் பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நேரத்தை ஒட்டி ஓடும். காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லாமற் போகலாம். பல இடங்களில் டிக்கெட் பஸ்ஸில் கிடைக்காது. ‘தபாக்கி’ என்று பலகை போட்ட புகையிலைக் கடையில் முன்கூட்டியே வாங்கி, பஸ்ஸில் ஏறியதும் மெஷினில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்த மறந்தால் அபராதம். பரிசோதகரிடம் மன்றாடிப் பயனில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குக் கடைகள் மூடினால் நாலு மணி வரை ஊரே தூங்கும். கோயிலும் பூட்டியிருக்கும். ஆகவே அதிகாலையில் சுற்றிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மறுபடி வெளியே வர வேண்டும். அப்போதுதான் ஊர் முழுக்கச் சதுக்கத்தில் உலாத்தும். கிழவர்கள் பெஞ்சியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எடை போடுவார்கள். நீங்கள் முந்திக்கொண்டு ‘புவோன ஸேரா’ என்று மாலை வணக்கம் சொன்னால் முகம் மலரும். ஊர்க் குழாயில் வரும் தண்ணீர் பெரும்பாலும் நல்ல குடிநீர். பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி, பயறு வகையில் இத்தாலியச் சமையலுக்குக் குறைவே இல்லை. ஆனால் காய்கறி சூப் என்று வருவதில் மாமிசக் கொதிநீர் சேர்ந்திருக்கலாம்; சில ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு சேரும். பார்மா பாலாடைக் கட்டியே கன்றுக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான் உறைகிறது. ஆசாரம் பார்ப்பவர்கள் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சமையலைப் பற்றி யார் கேட்டாலும் அந்த நாட்டில் கால் மணி நேரம் பதில் சொல்வார்கள்.

பாறையோடு கரையும் ஊர்

1876 முதல் 1976 வரையிலான நூறாண்டுகளில் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வெளிநாடு போனவர்கள் ஏறக்குறைய இரண்டரைக் கோடிக்கு மேல். அமெரிக்கா, அர்ஜென்டினா, பிற்காலத்தில் ஜெர்மனி, பெல்ஜியம். உள்நாட்டிலும் தெற்கேயிருந்து மிலானுக்கும் தூரினுக்கும் ஓடியவர்கள் ஏராளம். போனவர்களில் பலர் திரும்பி வந்ததும் உண்மைதான். ஆனால் மலைக் கிராமங்கள் மெல்ல மெல்ல வற்றின. சொந்த ஊரில் பூட்டிய வீட்டுக்கு வருஷம் ஒரு முறை போய் ஒட்டடை அடித்துவிட்டு வருகிற நம் வாசகர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

இப்படி வற்றிய ஊர்களில் அதிகம் பேசப்படுவது சிவிதா தி பாஞோரேஜோ. ரோமாபுரியிலிருந்து பிளாரன்ஸ் போகும் பாதையில் ஓர்வியேத்தோவில் இறங்க வேண்டும். ஸ்டேஷன் அடிவாரத்தில், ஊர் பாறை உச்சியில். பழனியில் இருப்பது போல இழுவை ரயிலில் மேலே போகலாம். ஓர்வியேத்தோவே இரண்டு நாள் தங்கத் தகுந்த ஊர். அங்கிருந்து பாஞோரேஜோவுக்கு பஸ். அதற்கப்பால் ஏறக்குறைய முந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாலம். பாலத்தின் மறுமுனையில், பள்ளத்தாக்கு நடுவே ஒற்றைப் பாறை மேல், தட்டில் வைத்த பலகாரம் போலச் சிவிதா.

எத்ருஸ்கர் என்ற பழங்குடியார் சுமார் 2,500 வருஷங்களுக்கு முன் அமைத்த ஊர் இது. மேலே எரிமலைப் பாறை, அடியில் களிமண். மழையும் ஓடையும் களிமண்ணை அரிக்க அரிக்க, மேலே பாறை விளிம்பு விளிம்பாக உடைந்து விழுகிறது. பாறையோடு வீடும் போகிறது. 1695-ல் நில அதிர்ச்சி வந்து சாலையைத் துண்டித்த பிறகு ஜனங்கள் பக்கத்துப் பாஞோரேஜோவுக்குக் குடி பெயர்ந்தார்கள். பாஞோரேஜோவில் பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி இதைச் ‘செத்துக்கொண்டிருக்கும் ஊர்’ என்றார். அந்தப் பட்டமே பிற்பாடு விளம்பரமாகிவிட்டது. இப்போதைய பாலம் 1965-ல் கட்டியது. 2013-ல் நுழைவுக் கட்டணமாக ஒன்றரை யூரோ போட்டார்கள். பிறகு அதை ஐந்து யூரோ வரை உயர்த்தினார்கள். இன்று ஊரில் நிரந்தரமாக வசிப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர். வந்து பார்ப்பவர்களோ ஆண்டுக்கு லட்சக்கணக்கில்.

சிவிதா பிழைத்ததா? பாறையைத் தாங்கிப் பிடிக்கப் பணம் கிடைக்கிறது. பக்கத்து ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கிறது. அந்த மட்டில் பிழைத்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் பத்து மணிக்கு வந்து, படம் பிடித்து, பன்னிரண்டு மணிக்குப் பாலம் தாண்டிப் போகிற கூட்டம், பத்துப் பேரைப் பதினோராக்காது. என் அபிப்பிராயத்தில், சிவிதாவைப் பார்க்கிறவர்கள் ராத்திரி பாஞோரேஜோவில் தங்குவதுதான் நியாயம். அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, ரொட்டிக் கடை இருக்கிறது, ஜனங்கள் இருக்கிறார்கள். காலையில் கூட்டம் வருமுன் பாலத்தின் மேல் தனியாக நடக்கிற பாக்கியமும் கிடைக்கும்.

பூட்டிய வீட்டை ஓட்டலாக்கும் உபாயம் ஒன்றையும் இத்தாலியர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். வட கிழக்கே பிரியூலி பிரதேசத்தில் 1976-ல் பெரும் நில அதிர்ச்சி. இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டினார்கள். குடியிருக்கத்தான் ஆள் இல்லை. அப்போது தோன்றிய யோசனை இது. புதிதாகக் கட்டடம் எழுப்பாமல், ஊருக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காலியாக உள்ள வீடுகளையே அறைகளாக்கி, சாவி கொடுப்பதற்கு மட்டும் ஓரிடத்தில் ஆளை வைப்பது. ‘பரவிய ஓட்டல்’ என்று பெயர். அப்ருத்சோ மலைகளில் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாந்தோ ஸ்தெபானோ தி செஸ்ஸானியோ இதில் பேர் போனது. ஒரு காலத்தில் கம்பளி வியாபாரத்தில் கொழித்து, பிளாரன்ஸ் நகரத்து மெதிச்சிக் குடும்பத்தின் கைக்கு வந்த ஊர். பிற்பாடு இடையர்கள் போய், கம்பளி போய், நூறு பேர் அளவில் மிஞ்சினார்கள். இப்போது ராத்திரியில் விளக்கெரியும் ஜன்னல்கள் சில கூடியிருக்கின்றன. 2009 ஏப்ரல் 6-ம் தேதி அக்கீலா நில அதிர்ச்சியில் ஊரின் அடையாளமான வட்டக் கோபுரம் சரிந்தது, மறுபடி கட்டியிருக்கிறார்கள். சுற்றுப்புற மேட்டு நிலத்தில் விளையும் பொடிப் பயறு இங்கே பிரசித்தம். ஊற வைக்காமலே வேகும்.

‘ஒரு யூரோவுக்கு வீடு’ என்று செய்தி வருகிறதே, அதைப் பற்றியும் கேட்பார்கள். நிஜம்தான். சிசிலியில் சலேமி ஊராட்சி 2008-ல் இந்த யோசனையை வெளியிட்டது. பல ஊர்கள் பின்பற்றின. சம்பூக்கா என்ற ஊர் 2019-ல் பதினாறு வீடுகளை ஏலத்தில் விட்டது. ஆனால் ஒரு யூரோ என்பது ஏலம் தொடங்கும் விலை. ஐயாயிரம் யூரோ வைப்புத் தொகை கட்டி, மூன்று வருஷத்துக்குள் வீட்டைப் புதுப்பித்தாக வேண்டும் என்பது நிபந்தனை. கூரையே இல்லாத வீட்டைப் புதுப்பிக்க ஆகும் செலவை நினைத்தால், ஒரு யூரோவை முறுக்கு வாங்கிச் சாப்பிடுவது மேல் என்று தோன்றும்.

குயினைன் கேட்ட குழந்தைகள்

தெற்கே போகப் போகக் கதை கனக்கிறது. பாரி துறைமுகத்திலிருந்து குறுகலான பாதையில் ஓடும் சின்ன ரயில் ஏறினால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் மதேரா. இன்று அது பிரபலமான ஊர்தான். ஆனால் அதைப் பார்க்காமல் அதற்கப்பால் உள்ள ஊர்கள் விளங்காது.

‘ஸாஸி’ என்று பெயருள்ள அதன் பழைய பேட்டைகளில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வீடு வீடாகக் குடியிருந்தார்கள். ஒருவன் வீட்டுக் கூரை மேல் இன்னொருவன் தெரு. ஒரே குகையில் பெற்றோர், பிள்ளைகள், கழுதை, கோழி எல்லாம். முப்பதுகளில் அந்த வழியாக வந்த ஒரு பெண் டாக்டரைப் பின்தொடர்ந்த குழந்தைகள் கேட்டது காசு அல்ல, மலேரியாவுக்குக் குயினைன். அவருடைய தம்பி கார்லோ லேவி 1945-ல் வெளியிட்ட புத்தகத்தில் இது வந்ததும் நாடே வெட்கப்பட்டது. 1952-ல் சட்டம் போட்டு, பதினைந்தாயிரம் பேர் வரை புது வீடுகளுக்கு மாற்றினார்கள். ஸாஸி பாழடைந்து கிடந்தது.

பாழடைந்தது என்று இடித்துத் தள்ளாமல் விட்டதுதான் அதிருஷ்டம். 1993-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2019-ல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரம் என்ற கௌரவம் கிடைத்தது. மதேராவில் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது பெரிய சதுக்கத்தின் அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. மழைநீரும் ஊற்று நீரும் சேரும்படி பாறையில் வெட்டி, உள்ளே சாந்து பூசிய தொட்டி. ஐம்பது லட்சம் லிட்டர் கொள்ளும். அதன் மேலே ஊர் நடமாடிக்கொண்டிருக்க, அதை மறந்தே போய், 1991-ல்தான் திரும்பக் கண்டுபிடித்தார்கள். ஏரியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டு கட்டுகிற ஊர்க்காரர்கள் நாம். அங்கே நிற்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். குகையில் வாழ்ந்த குடும்பங்கள் ரொட்டி மாவைப் பொது அடுப்புக்கு அனுப்பும்போது, அடையாளத்துக்கு மாவின் மேல் மர முத்திரை ஒன்றை அழுத்தி அனுப்புவார்களாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முத்திரை. அந்த முத்திரைகளைச் செதுக்கி இன்றும் கடையில் விற்கிறார்கள்.

மதேராவின் வீடுகளில் இப்போது விருந்தினர் தூங்குகிறார்கள். அந்த அதிருஷ்டம் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. அதே பசிலிக்காத்தா மாகாணத்தில் கிராக்கோ என்ற குன்றூர், 1963-ல் மண் சரிந்ததால் காலி செய்யப்பட்டு, ஜனங்கள் கீழே சமவெளிக்குப் போனார்கள். மேலே கோபுரமும் கூடு கூடான வீடுகளும் நிற்கின்றன. தலைக்கவசம் போட்டுக்கொண்டு வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். சினிமாக்காரர்கள் அடிக்கடி வருகிறார்கள். பார்க்கலாம், ஆனால் ஒரு மணி நேரம் போதும்.

நான் போகச் சொல்வது கிராக்கோவுக்கு அப்பால் உள்ள அலியானோவுக்கு. தூரின் நகரத்து டாக்டரும் ஓவியருமான அந்தக் கார்லோ லேவியை, முசோலினி ஆட்சிக்கு எதிரி என்று 1935-ல் இந்தப் பக்கம் நாடு கடத்தினார்கள். முதலில் கிராசானோ, பிறகு அலியானோ. வைத்தியத்தை விட்டுவிட்டிருந்த அவரிடம் விவசாயிகள் மலேரியாவோடு வந்து நின்றார்கள். அதிகாரிகள் தடுத்தும் பார்த்தார். அவர் புத்தகத்தின் தலைப்பு, ‘கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்’ என்று பொருள்படும். எபோலி என்பது வடக்கே ரயில் பாதையும் நாகரிகமும் நின்றுபோன இடம். அதற்கு இப்பால் நாங்கள் மனிதராகவே எண்ணப்படவில்லை என்பது அந்த ஜனங்களின் குறை. 1979-ல் பிரான்செஸ்கோ ரோசி இதைச் சினிமாவாக எடுத்தார்.

இன்று அலியானோவில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஊரைச் சுற்றிலும் மழை அரித்த வெண் களிமண் மேடுகள், முதுகெலும்பு தெரியும் மாட்டு மந்தை போல. லேவி தங்கியிருந்த வீட்டைக் காட்டுகிறார்கள்; மொட்டை மாடியில் நின்றால் அவர் ஓவியங்களில் வரும் அதே நிலம் தெரியும். ஊருக்குப் போக சொந்தமாகவோ வாடகைக்கோ கார் இருந்தால் உத்தமம். தங்க அறைகள் சில, சாப்பாட்டுக் கடைகள் ஒன்றிரண்டு. அங்கே ஒரு தட்டில் சிவப்பாக, மொறுமொறுவென்று ஒன்று வரும். செனீசே என்ற பக்கத்து ஊரின் இனிப்பு மிளகாயை ஊசி நூலில் கோத்து வெயிலில் காய வைத்து, எண்ணெயில் ஒரு நொடி போட்டு எடுத்தது. நம் வீட்டு மோர் மிளகாயை நினைத்துக் கடித்தால் காரமே இருக்காது. ஆனாலும் சோற்றுக்குக் கை தேடும். ஆகஸ்ட் கடைசியில் போனால் வீட்டுச் சுவரெல்லாம் இந்த மிளகாய் மாலை தொங்குவதைப் பார்க்கலாம்.

லேவிக்கு அலியானோவில் விதித்த காவல் 1936-ல் நீங்கியது. அவர் வடக்கே திரும்பி, பிற்காலத்தில் இத்தாலியப் பார்லிமெண்டில் செனட்டராகவும் இருந்தார். 1975-ல் ரோமாபுரியில் காலமானார். அவர் விரும்பியபடி, உடலை அலியானோவுக்குக் கொண்டுவந்து ஊர்க் கல்லறையில் புதைத்தார்கள். சதுக்கத்தில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.